எட்டு–பதினேழின் மூன்றாம் வசந்தம்

"2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணிக்கும் 7.10 மணிக்கும் இடையே, கோயில் படிக்கட்டின் வடசரிவில் ஓக் மர நிழலில் நிற்கும் அசேலியாச் செடிகள் நாற்பத்து மூன்றும், முன்னறிவிப்பின்றி, மின்கத்தரியால் உருண்டையாக வெட்டப்பட்டன. வெட்டியவர், மூன்றாம் வட்டக் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. நகசோனோ. இதனால் அடுத்த வசந்தத்துக்குரிய மொட்டுகள் அனைத்தும் அழிந்தன."

குனிதாகே யசுஹாரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அனைத்தும்" என்ற சொல்லைச் சற்று நேரம் பார்த்தபடி இருந்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து அந்தச் சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு, "நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு" என்று எழுதினார். செடிகளின் அடிமடியில், கத்தரியின் வாய் எட்டாத இடத்தில், சில மொட்டுகள் தப்பியிருந்தன. அவற்றையும் இழந்ததாகச் சொல்லிவிட்டால் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

முதலில் பென்சில், பிழை திருத்திய பின் பேனா, அடியில் கார்பன் தாள். மூலம் எதிராளிக்கு, நகல் கோப்புக்கு. எழுபத்தொரு வயதில் அவர் எழுதும் எந்தக் கடிதமும் இந்த வரிசையிலிருந்து பிசகியதில்லை. பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினாலும் நகல் உண்டு.

ஒடிசலான உடம்பு. கோடையில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பொருட்கள்: ஆறு அங்குல அளவுகோல், பென்சில், நூல் கட்டிய சிறு கத்தரிக்கோல். நூலின் மறுமுனை பொத்தானில் முடிச்சிட்டிருக்கும். கத்தரிக்கோலை ஒருமுறை செடிக்குள் தொலைத்துவிட்டு இரண்டு நாள் தேடினார். அந்த இரண்டு நாளும் நாட்குறிப்பில் இருக்கின்றன. "செடி பேசாது. அதுக்குப் பதிலா தேதிதான் பேசணும்" என்பார். வட்டத்தில் அவரைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள், யார் எதைச் சொன்னாலும், "தேதி போட்டாச்சா?" என்று அவர் குரலிலேயே கேட்பார்கள்.

செடி வளர்ப்பு அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததன்று. நகர நூலகத்துப் புத்தகங்களைக் கையால் நகலெடுத்துக் கற்றார். புத்தகம் சொன்னதும் செடி சொன்னதும் மாறுபட்ட இடங்களில் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டார். இப்போது அந்த நகல்களில் கறுப்பைவிடச் சிவப்பு அதிகம்.

அவருடைய வீட்டு முற்றம் தெற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் அங்கே தார்ச்சாலையையே உருக்கிவிடும். ஆகவே பதினாறு ஆண்டுகளுக்கு முன், களை மண்டிக் கிடந்த வடசரிவைப் பராமரித்துக்கொள்ள அப்போதைய சங்கத் தலைவரிடம் அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது, கடிதமாகவும் கிடைத்தது, ஏனென்றால் அவர் விடவில்லை. சரிவின் தலையில் ஒரு முதிய ஓக் மரம், பருவம் எதுவானாலும் பச்சை மாறாதது. அதனடியில் அவருடைய அசேலியாக்கள், குட்டையாக, நெருக்கமாக, உள்ளங்கையை வைத்தால் மெத்தையைப் போல எதிர்த்து அமுங்கும்படி நின்றன.

நிழலை அவர் தாளில் பிடித்துவைப்பார். மாதத்துக்கு ஒருமுறை, காற்றில்லாத தெளிந்த நாளில், காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும், மரத்தடியில் குறித்துவைத்த ஐந்து இடங்களில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் விழும் வெளிச்சப் பொட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். காற்று வந்தால் பொட்டுகள் ஆடும், அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு கட்டம் கட்டி எண்ணுவார். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இதழ் கருகும். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கிளைகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, செடி தன் கட்டுக்கோப்பை இழந்துவிடும். அப்போது ஏணியில் ஏறி ஓக் மரத்தில் ஒரு கிளையை எடுப்பார். ஒன்றே ஒன்று, மறுமாதம் மறுபடி தாள்.

"மரத்தடியில தாளை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று அவர் மனைவி சயோகோ கேட்டதுண்டு.

"என்ன நினைப்பாங்க?"

"வீட்டுக்காரி வெளியே தள்ளிட்டான்னு நினைப்பாங்க."

பதினாறு ஆண்டு நிழலும் பதினொரு பெட்டிகளில் இருக்கிறது. எல்லாம் காலணிப் பெட்டிகள். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் ரப்பர் காலணி ஆலையில், அடிப்பாகத்தை வேகவைத்து ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தார். 1983இல் பள்ளிப் பிள்ளைகளின் காலணிகள் ஒரு தொகுதி முழுவதும் அடி பெயர்ந்து திரும்பிவந்தன. அடுப்பின் சூட்டைக் கவனிக்கத் தவறியதாக அவர்மீது எழுத்தில் கண்டனம் வந்தது. அவரோ மணிக்கு ஒருமுறை சூட்டைக் குறித்து வைத்திருந்த சொந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். பிழை பசையில் இருந்தது என்று தெரிந்தது. மேலாளர் அவரைத் தனியே அழைத்து, தோளைத் தொட்டு, "உங்க மேல தப்பில்ல, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கண்டனத் தாளை யாரும் திரும்பப் பெறவில்லை. ஓய்வு பெற்ற நாளில் கோப்பைத் திறந்து பார்த்தபோது அது அப்படியே இருந்தது. தோளைத் தொட்டதற்குச் சான்று எங்கும் இல்லை.

அசேலியாவுக்குத் தேவைகள் அதிகமில்லை. ஆனால் நாள் தப்பக்கூடாது. வேர் மேலாகவே படரும். ஆழக் கொத்தினால் போச்சு. பைன் ஊசிகளால் மூடிவைப்பார். குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. பீப்பாயில் பிடித்த மழைநீர்தான். இலையின் மேற்புறம் வெள்ளைப் புள்ளி கண்டால் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே கண்ணாடிச் சிறகுள்ள பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய விதி கத்தரிப்புக்கு உரியது. பூ உதிர்ந்தவுடன், ஜூன் நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். ஜூலையில் ஒவ்வொரு கொழுந்தின் நுனியிலும் அடுத்த வசந்தத்தின் மொட்டு அமர்ந்துவிடும், பாதி அரிசியின் அளவில், இலையின் நிறத்தில். அதன்பின் அவர் சரிவுக்குள் போகும்போது சட்டைக் கையைக்கூட மடித்துக்கொள்வார்.

நாற்பத்து மூன்றில் ஒன்று மட்டும் யாரிடமும் இல்லாதது. 2008இல் தம் செடிகளிலேயே விதையெடுத்து, பாசியில் தூவி, முளைத்த அறுபத்து மூன்று கன்றுகளில் பதினேழாவது. ஆகவே எட்டு–பதினேழு. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் கழித்துவிட்டார். கழித்ததற்கான காரணங்களும் எழுத்தில் உள்ளன. எட்டு–பதினேழு ஏழு ஆண்டில் நாற்பத்தோரு சென்டிமீட்டர் உயரமே வளர்ந்தது. பூவுக்குள் இன்னொரு பூ. இரண்டும் ஒரே அளவு. வெள்ளை இதழின் விளிம்பில், யாரோ மெல்லிய தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்ததைப் போன்ற ஊதாக் கோடு. வெயிலில் வைத்தால் மூன்றாம் நாள் அந்தக் கோடு மறைந்துவிடுகிறது. ஓக் மரத்தடியில் பதினொரு நாள் நிற்கிறது. பொதுச் சரிவில், யாரும் நடமாடும் இடத்தில், அதை அவர் நட்டதற்கு வேறு காரணம் இல்லை.

புதிய வகைக்குப் பெயர் சூட்டும் உரிமை மலையடிவார அசேலியா வளர்ப்போர் சங்கத்தின் கையில் இருந்தது. மூன்று தொடர் வசந்தங்களில், செடி வளரும் இடத்துக்கே வந்து, அவர்கள் பூவைப் பார்ப்பார்கள். மூன்றாவது பார்வைக்குப் பிறகு பதிவு. பதிவுக்குப் பிறகே பெயர். 2014 ஏப்ரலில் வந்தார்கள். 2015 ஏப்ரலில் வந்தார்கள். சங்கச் செயலாளர் எகுச்சி அம்மையார் இரண்டாம் முறை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்க மனமில்லாமல், "என்ன பேரு வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "அதை இப்பச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றார் குனிதாகே. சயோகோவுக்கும் அவர் சொல்லவில்லை. 2016 ஏப்ரல் மட்டுமே பாக்கி இருந்தது.

ஆகஸ்ட் 2 காலை. முன்னோர் வீட்டுக்கு வரும் ஓபோன் நாட்களுக்கு முன் வட்டம் முழுவதையும் சுத்தம் செய்வது வழக்கம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். குனிதாகேவைச் சாக்கடை அணியில் போட்டிருந்தார்கள். அறுபது மீட்டர் கீழே, முழங்கால் சேற்றில் நின்று மண் வாரிக்கொண்டிருந்தபோது, மேலே மின்கத்தரியின் ஓசை கேட்டது. படிக்கட்டு வேலியாக இருக்கும் என்று நினைத்தார். ஏழேகாலுக்கு மண்வெட்டியோடு மேலே ஏறிவந்தார்.

சரிவு முழுவதும் உருண்டைகள். பெட்டியில் அடுக்கிய சோற்று உருண்டைகளைப் போல, பச்சையாக, ஒரே அளவில். வெட்டிய நுனிகளைக் கூட்டி மூட்டையாகக் கட்டியும் ஆகியிருந்தது. எட்டுப் பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் நகசோனோ, மின்கத்தரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. நகரப் பேருந்தின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பின் இருக்கைவரை கேட்கும்படியே பேசுவார்.

"எப்படி இருக்கு, குனிதாகே சான்? முடி வெட்டின பசங்க மாதிரி வரிசையா நிக்குது பாருங்க! இந்த வயசுல நீங்க குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு நுனியா வெட்டுறதைப் பார்த்தா எனக்கே இடுப்பு வலிக்கும். இனிமே அந்தத் தொல்லை விட்டுச்சு!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ குளிர்ந்த தேநீர்ப் புட்டியொன்றை அவர் கையில் திணித்தார்கள். குனிதாகே சரிவைப் பார்த்தார், எட்டுப் பேரின் வியர்வையைப் பார்த்தார், இடுப்பை வளைத்து வணங்கினார்.

"ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க. நன்றி."

எட்டு–பதினேழும் உருண்டையாக இருந்தது. மற்றவற்றைவிட அழகாகவே வந்திருந்தது. இயல்பிலேயே குட்டையான செடி, கத்தரிக்கு வாகாக நின்றிருக்கிறது. புட்டியைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"நன்றின்னா சொன்னீங்க?" என்றார் சயோகோ.

"எட்டுப் பேர் வேர்த்துக் கொட்டி நிக்கிறாங்க. வேற என்ன சொல்றது?"

"என்கிட்ட சொல்ற மாதிரி ஒரு 'ம்' சொல்லியிருக்கலாம்."

மறுநாள் எகுச்சி அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் நெடுநேரம் "அடடா, அடடா" என்றுகொண்டே இருந்துவிட்டு, விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பதினோராவது விதி இருக்கு, குனிதாகே சான். வளர்க்கிறவருக்குத் தெரியாம நடந்ததுன்னு, செஞ்சவர் கையாலயே ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. அது இருந்தா பார்த்த ரெண்டு வருஷமும் நிக்கும். வர்ற வசந்தத்தை விட்டுட்டு அதுக்கு அடுத்ததை மூணாவதா எடுத்துக்குவோம். தாள் இல்லேன்னா முதல்லேர்ந்துதான். நான் என்ன செய்ய?"

"இதை அப்படியே ஒரு அஞ்சலட்டையில எழுதி அனுப்பிடுங்க" என்றார் குனிதாகே. அட்டை வந்தது. கோப்புக்குப் போனது.

அன்றே முதல் கடிதமும் கிளம்பியது. நகசோனோவின் வீடு மூன்று வீடு தள்ளி இருக்கிறது. குனிதாகே அஞ்சல் தலை ஒட்டி, கடைத்தெரு முனையிலுள்ள பெட்டியில் போட்டார். சேர்ந்த தேதிக்கு அஞ்சலகத்தின் முத்திரை சாட்சி சொல்ல வேண்டுமல்லவா?

நான்காம் நாள் நகசோனோ வந்தார். எழுத்தோடு அல்ல, ஒரு பெட்டி கருந்திராட்சையோடு. வாசல் படியில் மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடக் குனிந்தார்.

"தெரியாம செஞ்சுட்டேன். உள்ளே மொட்டு உட்கார்ந்திருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க வீட்டு வேலியை எந்த மாசம் வெட்டினாலும் அது பாட்டுக்கு வளருது. புதர்னா எல்லாம் புதர்னு நினைச்சுட்டேன்."

"நீங்க இப்பச் சொன்னதை எழுதிக் கொடுங்க, தலைவரே."

"நேர்ல வந்து மண்டி போட்டிருக்கேனே! இதுக்கு மேல எழுத்து எதுக்கு? மூணு வீடு தள்ளி இருக்கிற மனுஷனுக்குக் கடுதாசி எழுதினா, ஏதோ கோர்ட்டு வாசல்ல நிக்கிற மாதிரி ஆயிடும். அதுவுமில்லாம, அன்னிக்கு நீங்களே நன்றின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அதை மறுக்கல. முதல் கடிதத்துல நாலாவது பத்தியில அதுவும் இருக்கு."

நகசோனோவுக்கு அது புரியவில்லை. அந்த வட்டத்தில் தவறு செய்தவர் நேரில் வருவதே பெரிது. தாள் அனுப்புவது, முகத்தைக் காட்ட விரும்பாதவர் செய்வது. குனிதாகே பொறுமையாகவே சொன்னார்: "நீங்க வந்ததும் குனிஞ்சதும் என் மனசுல இருக்கும். என் மனசை உறையில போட்டு எகுச்சி சானுக்கு அனுப்ப முடியாதே."

திராட்சைப் பெட்டியை அவர் மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினார். பின்னாலிருந்து வந்த சயோகோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தாள் உங்களுக்கு, திராட்சை எனக்கு. தலைவரே, அப்படி முழிக்காதீங்க, உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடிங்க."

ஆகஸ்ட் 17இல் இரண்டாம் கடிதம். 31இல் மூன்றாம் கடிதம். வட்டத்தில் பேச்சு வளர்ந்தது. காய்கறிக் கடையில் சயோகோவிடம், "உங்க வீட்டுக்காரர் எனக்கு ஏதும் எழுதியிருக்காரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். படிக்கட்டில் எதிர்ப்படும்போது நகசோனோ, பேருந்தை ஓரங்கட்டுவதைப் போல, ஒதுங்கி நின்று வழிவிட்டார். குனிதாகே தலையசைத்துவிட்டுச் சரிவுக்குப் போவார். தப்பிய மொட்டுகளை ஒவ்வொரு செடியிலும் எண்ணி வெள்ளை நூல் கட்டியிருந்தார். எட்டு–பதினேழில் மூன்று நூல். மூன்று பூவை வைத்து ஒரு வகையை அளக்க முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செப்டம்பர் 10, வியாழக்கிழமை மாலை, நகசோனோ மீண்டும் வந்தார். இம்முறை கையில் ஓர் உறை. கக்கத்தில் ஓர் அட்டைப் பலகை. குரல் பின் இருக்கைக்குக் கேட்கவில்லை.

"உங்க மூணாவது கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், குனிதாகே சான். முப்பத்தெட்டு நாளா நீங்க கேட்டுட்டே இருக்கீங்க, எழுதித் தொலைச்சுடுவோம்னு. 'முன்னறிவிப்பின்றி'ன்னு போட்டிருந்தீங்க. சரி, ஜூலையில என்னதான் அனுப்பினோம்னு பார்ப்போமேன்னு இதை எடுத்தேன்."

பலகையைத் தரையில் வைத்து, திருப்பி நகர்த்தினார்.

வட்டத்தின் சுற்றுப் பலகை அது. சங்கத்தின் அறிவிப்பைக் கவ்வியில் மாட்டி ஒரு வீட்டில் கொடுப்பார்கள். படித்ததற்கு அடையாளமாக வீட்டுக்குரிய கட்டத்தில் பெயர் முத்திரையைச் சிவப்பில் பதித்து அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பலகையை வைத்துக்கொண்டிருப்பவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசமாட்டார்கள். ஆகவே பதிப்பதும் மாட்டுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். படிப்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

ஜூலை 21 தேதியிட்ட அறிவிப்பு. சாக்கடை. காலிப் புட்டிகள். திருவிழா நாளில் வண்டி நிறுத்தம். ஆறாவதாக: "படிக்கட்டின் இரு சரிவுகளிலும் உள்ள புதர்களைக் கத்தரித்தல். மறுப்புள்ளோர் 28ஆம் தேதிக்குள் தலைவரிடம் தெரிவிக்கவும்." கீழே பதினான்கு கட்டங்கள். பதிமூன்று முத்திரைகள் சாய்ந்தும் கோட்டைத் தாண்டியும் பாதி மை பிடித்தும் கிடந்தன. ஒன்பதாவது கட்டத்தில் இருந்தது மட்டும், அளவுகோல் வைத்துப் பதித்ததைப் போல, நான்கு பக்கமும் சம இடைவெளியோடு நேராக நின்றது. குனிதாகே.

அவர் எழுந்து உள்ளே போனார். பதினோராம் பெட்டியைத் திறந்து, ஜூலை மாதத்து நிழல் தாள்களை எடுத்தார். "21ஆம் தேதி, பிற்பகல் 2.05, காற்று இல்லை." மழைக்காலம் முடிந்த முதல் தெளிந்த நாள். அவருக்கு நினைவு வந்துவிட்டது. நான்கு தாள் முடிந்து ஐந்தாவதை விரித்திருந்தார். பக்கத்து வீட்டம்மாள் மரத்தடிக்கே வந்து பலகையை நீட்டினார். காற்று எந்த நொடியும் எழக்கூடும். வீட்டுக்கு ஓடிவந்து, காலணி அடுக்கின்மேல் இருந்த முத்திரையை எடுத்துப் பதித்து, அடுத்த வாசலில் மாட்டிவிட்டு, வெளிச்சம் நகர்வதற்குள் மரத்தடிக்கு ஓடினார். பதித்தபோதுகூட நேராகப் பதிக்கத்தான் பார்த்தாரே தவிர, மேலே இருந்ததைப் பார்க்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு வந்து பலகையின் பக்கத்தில் வைத்தார். சயோகோ இரண்டையும் பார்த்தார்.

நகசோனோ தொண்டையைச் செருமிக்கொண்டு உறையை நீட்டினார். "இதுக்காக நான் சண்டைக்கு வரல. இந்தாங்க, நீங்க கேட்டபடியே எழுதிட்டேன். 'வளர்ப்பவருக்குத் தெரியாமல் நடந்தது.' நல்ல தாள்ல, தூரிகைப் பேனாவால எழுதி, முத்திரையும் போட்டிருக்கேன். பலகைத் தாளையெல்லாம் மார்ச் மாசம் கட்டிப் போட்டுடுவோம், ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க. பொய்யின்னும் சொல்ல முடியாதே? உங்களுக்கு நெசமாவே தெரியாதுல்ல!"

குனிதாகே உறையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை நகர்த்தி, முதலிலிருந்து கடைசிவரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதி இருந்தது. இடம் இருந்தது. செடிகளின் எண்ணிக்கைகூடச் சரியாக இருந்தது.

"வாங்கிக்குங்க" என்றார் சயோகோ. இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. "இது இருந்தா எழுபத்து மூணுல முடியும். முதல்லேர்ந்துன்னா எழுபத்தஞ்சு. உங்க முழங்காலைச் சொல்றேன், ஓக் மரத்தைச் சொல்றேன், எல்லாத்தையும்தான் சொல்றேன்."

ஆலை நாட்களிலிருந்தே அவர் காத்திருந்தது இப்படி ஒரு தாளுக்குத்தான். தம் பக்கம் நியாயம் இருப்பதாக, மற்றொருவர் கையால், முத்திரையோடு. அதைக் குனிதாகே பழைய மடிப்பிலேயே மடித்தார்; உறையில் இட்டார்; இரண்டு கையாலும் நகசோனோவின் முன் வைத்தார்.

"இதை நான் வாங்கிக்க முடியாது, தலைவரே."

"ஏன், எழுத்துல தப்பு இருக்கா?"

"இல்ல. வாங்கினா கோப்புல வைக்கணும். பலகைத் தாளோட நகலையும் வைக்கணும். ரெண்டும் ஒரே கோப்புல இருக்க முடியாது."

"அப்போ பலகைத் தாளை வைக்காதீங்க!"

குனிதாகே அவரை வியப்போடு பார்த்தார். சயோகோ சிரித்துவிட்டார். "அது மட்டும் நடக்காது, தலைவரே. எங்க கல்யாணத்தன்னிக்கு மழை வந்துதுன்னு ரெண்டு குடை வாடகைக்கு எடுத்தோம். அந்த ரசீது இன்னும் இருக்கு."

நகசோனோ தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த ஜூன்ல வெட்டும்போது என்னையும் கூப்பிடுங்க. எந்த நுனியை வெட்டணும், எதை விடணும்னு ஒரு தடவை காட்டிடுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தோணல" என்றார்.

"ஜூன் 15க்குள்ள" என்றார் குனிதாகே.

முனைக் கடைக்குப் போய்ப் பலகைத் தாளை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே தலைவர் வீட்டில் சேர்த்தார். இரவு உணவுக்கு முன் மேசையில் உட்கார்ந்தார். பென்சில், பிறகு பேனா, அடியில் கார்பன் தாள்.

"2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் சுமார் 2.05 மணிக்கு, மூன்றாம் வட்டத்தின் சுற்றுப் பலகையில் வந்த அறிவிப்பை, குனிதாகே யசுஹாரு ஆகிய நான், படிக்காமலேயே முத்திரையிட்டு அனுப்பினேன். அதில் ஆறாவதாகக் குறிப்பிட்டிருந்த பணியே ஆகஸ்ட் 2ஆம் தேதி நடைபெற்றது. எனவே அது எனக்கு அறிவிக்கப்படாமல் நடந்ததன்று. திரு. நகசோனோவுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். இதன் நகல் அவருக்கும் அனுப்பப்படுகிறது. சான்றுகள் இரண்டு: என் முத்திரை பதிந்த அறிவிப்பின் நகல், அந்நேரத்தில் நான் எங்கிருந்தேன் என்பதைக் காட்டும் நிழல் தாள். எட்டு–பதினேழாம் எண் செடியை 2014இலும் 2015இலும் தாங்கள் பார்வையிட்டது இனியும் கணக்கில் நிற்குமா, நிற்காதா என்பதைச் சங்கம் முடிவு செய்ய வேண்டுகிறேன்."

சயோகோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எகுச்சி சானுக்கு ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். அவங்களுக்கு அந்தப் பூ மேல ஒரு கண்ணு. 'போனாப் போகுது, நிக்கட்டும் விடுங்க'ன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

"சொல்லிடுவாங்க. அதனாலதான் போன் போடல."

பேனாவின் முனையைத் துடைத்துக்கொண்டு, கார்பன் தாள் நகராதபடி இடக்கையால் அழுத்திப் பிடித்து, கடைசி வரியைச் சேர்த்தார்:

"முடிவு எதுவாயினும், காரணத்துடன், முப்பது நாட்களுக்குள், எழுத்தில் பதில் தரவும்."